ஜாவாக் கிராமத்தில் வீடும் வயலும் அண்டைவீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடு ஜாவாவில் சொலோ நகரத்துக்கும் யோக்யகார்த்தாவுக்கும் இடையே இருப்பது கிளாத்தென் மாவட்டம். அங்கே ஒரு சிறு கிராமத்தில், என் மனைவி பிறந்த வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து யார் போன் செய்தாலும், நலம் விசாரித்து முடிப்பதற்குள் பேச்சு நிலத்தில் வந்து நின்றுவிடும். ஒரு மா என்ன விலை, நம் பெயரில் எழுதுவார்களா, வேலைக்கு ஆள் கிடைக்குமா? சொன்னதையே திருப்பிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடப் போகிறேன்.

நான் இந்தியக் குடிமகன். அங்கே நிலம் வாங்க முடியுமா?

முடியாது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் எண் நிலச் சட்டம் இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. முழு உரிமைக்கு இங்கே 'ஹக் மிலிக்' என்று பெயர். அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வசிக்க அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்கு இருப்பது 'ஹக் பாக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமை. 2021 இல் வந்த அரசு விதிப்படி முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. கூட்டினால் 80 வருகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் வீடே கிடையாது. நகரத்துப் பணக்காரர்களுக்காகப் போட்ட வழி அது. கிராமத்துக்கு வருகிறவருக்கு மிஞ்சுவது வாடகை அல்லது குத்தகை.

உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தரகர் சொல்கிறாரே?

சொல்வார். நிலம் நண்பர் பெயரில் இருக்கும்; கூடவே கடன் பத்திரம், அடமானம், பவர் என்று ஒரு காகிதக் கட்டு உங்கள் கையில் இருக்கும். அதே சட்டத்தின் 26 ஆவது பிரிவை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் நல்லது. ஹக் மிலிக் நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவர் கைக்குப் போகும்படி செய்யும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

நானும் வந்த புதிதில் ஒரு தரகரின் பேச்சில் மயங்கி முன்பணம் கொடுத்தவன்தான். பணம் போயிற்று. மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எனக்குத் தந்த டீயில் வழக்கத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருந்தது. ஜாவாக்காரர் கோபத்தை எப்படிக் காட்டுவார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மனைவி உள்ளூர்க்காரர்தானே? அவர் பெயரில் வாங்கலாமே?

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 1974 ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, தனியாக ஒப்பந்தம் எழுதாத தம்பதி கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது. பொது என்றால் கணவனுக்கும் பங்கு உண்டு, கணவனோ வெளிநாட்டவன். ஆகவே ஹக் மிலிக் கிடையாது. சொந்த மண்ணில் ஒரு காணி வாங்க முடியாமல் தவித்த பெண்கள் நிறைய. சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்போ அன்றைக்கோ எழுதியிருக்க வேண்டும் என்றிருந்த விதியை, 2016 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தளர்த்தியது. இப்போது கல்யாணத்துக்குப் பிறகும் எழுதிக்கொள்ளலாம்.

பிறந்த வீட்டு வழியில் வரும் சொத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது அவரவருடையது. நான் குடியிருக்கும் வீடு அந்த வகை. மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது மட்டும் என் பொறுப்பு.

எந்தக் காகிதத்தை நம்பலாம்?

நில அலுவலகம் தரும் 'சர்டிபிகாட்' ஒன்றைத்தான். பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியிலிருந்து 'கிரிக்' அல்லது 'பெத்தோக்' என்று மடித்து மடித்துக் கிழிந்த தாளை எடுத்துக் காட்டுவார்கள். கிராம அலுவலகத்தில் 'லெட்டர் சே' என்ற பெரிய பேரேடு உண்டு. இவை எல்லாம் வரி கட்டியவர் யார் என்பதற்கான பதிவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கிஸ்தி ரசீதைக் காட்டி நிலம் என்னுடையது என்று வாதாடுவதைப் போன்றது. 2021 விதி ஐந்தாண்டு கெடு வைத்தது. 2026 பிப்ரவரி 2 முதல் இந்தத் தாள்களை உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது, விசாரணைக்கு ஒரு துப்பு என்ற அளவில்தான் மதிப்பு.

2017 முதல் ஊர் ஊராக எல்லா நிலத்தையும் அளந்து பதியும் திட்டம் நடந்தது. ஜாவாவிலும் பாலியிலும் அதற்கான முன்தயாரிப்புச் செலவுக்கு 1,50,000 ரூபியாவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று மூன்று அமைச்சகங்கள் சேர்ந்து ஆணை போட்டன. எங்கள் ஊர் சர்டிபிகாட்டுகளில் பாதி அப்படி வந்தவை. விற்பது வாங்குவது என்றால் நிலப் பத்திர அதிகாரி முன்னால்தான். வாங்குபவருக்கு 5 சதவீதம் வரி, விற்பவருக்கு 2.5 சதவீதம்.

அளக்கும்போது என்ன நடக்கும்?

எங்கள் பின்கட்டை அளந்த நாளைச் சொல்கிறேன். அளவையர் காலை எட்டு மணிக்கு வந்துவிட்டார். அளவு தொடங்கியதோ பத்தரைக்கு. நான்கு எல்லையிலும் நிலம் வைத்திருப்பவர்கள் நேரில் வந்து, இதுதான் எல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். மூன்று பக்கத்தார் வந்து வாசலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நான்காம் பக்கத்துப் பாட்டி சந்தைக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்த பாட்டி முதுகுக் கூடையை இறக்காமலே நட்டிருந்த கம்பைப் பார்த்தார். "இது இங்கே இல்லையே. ஆண்டோங் எங்கே?" என்றார். சிவப்பு இலை ஆண்டோங் செடியை எல்லையில் நடுவது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் மூலையில் இருந்தது ஆட்டுக்கு இரையானதோ என்னவோ, தடயமே இல்லை. பாட்டி குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறி, கட்டைவிரல் பருமனில் காய்ந்த தண்டு ஒன்றை வெளியே இழுத்துக் காட்டினார். கம்பு ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. இப்போது சர்டிபிகாட்டில் செயற்கைக்கோள் கணக்கில் எடுத்த எண்கள் இருக்கின்றன. அவை அந்தத் தண்டிலிருந்து தொடங்கியவை.

அங்கே மா, வேலி போல என்ன கணக்கு?

காகிதத்தில் சதுர மீட்டர். பேச்சில் 'உபின்', மேற்கு ஜாவாவுக்குப் போனால் 'தும்பாக்'. இரண்டும் ஏறத்தாழ 14 சதுர மீட்டர். கிழவர்கள் 'பாவு' என்பார்கள், டச்சுக்காரர் காலத்து அளவு, 7,000 சதுர மீட்டரை ஒட்டி வரும். நம் கணக்கில் ஐந்து மாவுக்குச் சற்று மேல்.

வயல் மலிவாக இருக்கிறதாம். வாங்கி வீடு கட்டினால் என்ன?

மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை மண்டலத்து வயலில் வீடு எழுப்ப அனுமதி இல்லை. விளைநிலத்தைக் காக்க 2009 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதைவிட முக்கியம், 1961 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்த விதி. வயல் எந்த வட்டத்தில் இருக்கிறதோ அங்கேயோ அதை ஒட்டியோ குடியிருப்பவர்தான் அதை வைத்துக்கொள்ளலாம். ஜகார்த்தாவில் உட்கார்ந்துகொண்டு கிளாத்தெனில் வயல் வைத்திருக்க இந்தோனேசியருக்கே சட்டத்தில் இடமில்லை. மீறுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மீறியது யார் என்று ஊருக்கே தெரியும்.

யார் உழுகிறார்கள்? கூலி, குத்தகை எப்படி?

அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவரை இங்கே 'குரெம்' விவசாயி என்பார்கள். குரெம் என்றால் கோழிப் பேன். பெயர் வைத்தவர் இரக்கப்பட்டு வைத்தாரா எகத்தாளமாக வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

தானே உழ முடியாதவர் 'மாரோ'வுக்கு விடுவார், விளைச்சலில் பாதிக்குப் பாதி. உடையவரே உரம், விதைச் செலவை ஏற்றுக்கொண்டால் 'மெர்த்தெலு', உழுபவருக்கு மூன்றில் ஒன்று. கிராமத் தலைவர் முன்னால் எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று 1960 இன் 2 ஆம் எண் சட்டம் சொல்கிறது. எழுதிக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. கதிர் நிற்கும்போதே மொத்தமாக விலை பேசி வாங்கும் வியாபாரியும் உண்டு. அவர் தன் ஆட்களோடும் வண்டியோடும் வந்து ஒரே நாளில் வழித்துக்கொண்டு போய்விடுவார். முன்பெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் 'அனி-அனி' கத்தியால் கதிர் கதிராக அறுத்து, அதில் பங்கு வாங்கிப் போனார்களாம். மாமியாருடைய அனி-அனி இப்போது அடுக்களைச் சுவரில் தொங்குகிறது.

கஷ்டம் வந்தால் வயலை அடகு வைப்பார்கள். பணம் கொடுத்தவர் உழுது தின்பார், திருப்பும்வரை. 1960 இல் வந்த 56 ஆம் எண் சட்டத்தில் ஓர் அருமையான விதி: ஏழு ஆண்டு அனுபவித்துவிட்டால் அசலைக் கேட்காமலே வயலைத் திருப்பித் தர வேண்டும். வட்டிக்கும் முதலுக்கும் விளைச்சலே ஈடாகிவிட்டது என்ற கணக்கு. ஊரில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். அடகு பிடித்தவர் பெரும்பாலும் சித்தப்பாவாகவோ அத்தையாகவோ இருப்பார்; அவரிடம் போய்ச் சட்டம் பேச யாருக்கு மனம் வரும்?

நிலம் பற்றிப் பழைய கதை கேட்டால் பெரியவர்கள் ஏன் பேச்சை மாற்றுகிறார்கள்?

மாற்றட்டும், விட்டுவிடுங்கள். அதே 56 ஆம் எண் சட்டம்தான் நில உச்சவரம்பையும் கொண்டுவந்தது; ஜனநெருக்கம் மிகுந்த பகுதியில் நன்செய் 5 ஹெக்டேர். உபரியைப் பிரித்துக் கொடுப்பது இழுத்துக்கொண்டே போனது. 1963, 64 இல் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த விவசாயிகள் சங்கம் தானே வயல்களில் இறங்கியது. அந்தப் போராட்டம் சூடுபிடித்த இடங்களில் கிளாத்தென் முக்கியமானது. 1965 அக்டோபருக்குப் பிறகு நாடெங்கும் நடந்த கொலைகளில் செத்தவர்கள் பல லட்சம். அப்போது எதிரெதிராக நின்ற குடும்பங்கள் இப்போதும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்சுகின்றன.

ஊரை நிர்வகிப்பது யார்?

கிராமத்துக்குத் தேர்தலில் வரும் தலைவர் ஒருவர். 2024 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அவருக்குப் பதவிக்காலம் எட்டு ஆண்டு. அவருக்கும் மற்ற அலுவலர்களுக்கும் 'பெங்கொக்' என்று ஊர்ப் பொது வயலில் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் அதுதான் சம்பளம். இப்போது சம்பளத்துக்கு மேல் ஒரு துணை. பதவி போனால் வயலும் போகும். வாங்கவோ விற்கவோ முடியாது. தெரியாத்தனமாகப் பெங்கொக்குக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு, ஆகவே விசாரியுங்கள்.

அன்றாட வாழ்க்கைக்கு ஆனால் தலைவரைவிட முக்கியமானவர் 'எர்-தே' தலைவர், அதாவது சில பத்து வீடுகளுக்குப் பொறுப்பானவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்டபோது 1944 இல் அண்டைவீட்டுக் குழுக்களாகத் தொடங்கிய ஏற்பாடு இது. ஜப்பானியர் போய்விட்டார்கள், குழு தங்கிவிட்டது. குடும்ப அட்டை, வங்கிக் கடன், கல்யாணம், எதற்கும் அவர் கடிதம் வேண்டும். வெளியூர் விருந்தாளி தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தெருமுனையில் பலகையே இருக்கிறது.

இரவுக் காவல் உண்டாமே, நீங்களும் போகிறீர்களா?

போகிறேன். வாரம் ஒரு முறை என் முறை. 'ரோண்டா' என்று பெயர். காவல் குடிலில் கெந்தோங்கன் என்னும் மூங்கில் தட்டுக்கருவி தொங்கும். திருட்டுக்கு ஒரு தட்டு, தீக்கு ஒரு தட்டு, சாவுக்கு ஒரு தட்டு. இரவு பத்துக்கு மேல் ஏழெட்டுப் பேர், வேட்டி போன்ற சாரோங்கைப் போர்த்திக்கொண்டு டோமினோ ஆடுவோம். நள்ளிரவில் ஒரு சுற்று. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குவளையின் அடிப்பாகத்தை ஆணியில் மாட்டியிருப்பார்கள். அதில் முன்பு ஒரு பிடி அரிசி, இப்போது ஒரு 500 ரூபியா நாணயம். 'ஜிம்பிதான்' என்பது இதுதான். சேர்ந்த பணத்தில் தெருவிளக்கு, பாய், நாற்காலி வாங்குவோம்.

ஒரு வாரம் நாணயம் போட மறந்துவிட்டேன். காசைக் கேட்டு யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு முதியவர் வந்து, "உடம்புக்கு ஒன்றுமில்லையே, மஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மறந்ததில்லை.

மாதம் எவ்வளவு செலவாகும்?

சாப்பாட்டுக்குப் பெரிதாக ஆகாது. மொய்க்குத்தான் ஆகும். கல்யாணம், பிரசவம், விருத்தசேதனம், சாவு என்று கவர் போய்க்கொண்டே இருக்கும். ஜாவா மாதம் 'சுரோ'வில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பர்சுக்கு அந்த ஒரு மாதம் ஓய்வு. நம்மூர் மொய் நோட்டு இங்கேயும் இருக்கிறது. எந்த வீட்டார் எத்தனை கிலோ அரிசி, எத்தனை ரூபியா தந்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்புவார்கள். பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்குவது மரியாதையில்லை. பெண்கள் 'ரெவாங்' என்று இரண்டு நாள் முன்னதாகவே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார்கள். என் மனைவி வெங்காயம் உரிப்பதும் தேங்காய் துருவுவதும் அங்கேதான். ஊர்ச் செய்தி முழுவதும் வந்துசேர்வதும் அங்கேதான்.

இறந்தவருக்கு 3, 7, 40, 100 ஆம் நாளிலும் ஆண்டு முடிவுகளிலும், கடைசியாக 1,000 ஆவது நாளிலும் 'ஸ்லாமெத்தான்' நடக்கும். அந்தப் படையலில் வரும் 'ஆப்பெம்' நம் அப்பமேதான், பெயரோடு கப்பலேறி வந்தது. அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்று இங்கே சொல்வார்கள். நான் தர்க்கம் செய்வதில்லை, இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

பாகப்பிரிவினை எப்படி?

இஸ்லாமியச் சட்டப்படி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. ஜாவா மொழியில் இதையே 'செபிக்குல் செகெண்டோங்' என்பார்கள்: ஆண் காவடியில் இருபக்கமும் சுமப்பான், பெண் முதுகில் ஒரு சுமை. ஆனால் பல குடும்பங்கள் சமமாகவே பிரித்துக்கொள்கின்றன. கடைசிவரை பெற்றோரைப் பார்த்துக்கொண்டவருக்கு வீடு. கணவன் மனைவி சேர்ந்து சம்பாதித்தது 'கொனோ-கினி', பிரிந்தால் இருவருக்கும் உண்டு. சுமத்ராவில் மினாங்கபாவு மக்களிடம் போனால் எல்லாம் தலைகீழ்: பூர்வீகச் சொத்து தாய்வழி, ஆண்பிள்ளை பிழைப்பைத் தேடி வெளியூர் போக வேண்டியதுதான். ஒரு நாட்டுக்கு ஒரே வழக்கம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

நிலநடுக்கம் பயமில்லையா?

பயம்தான். 2006 மே 27 அன்று காலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆடியது. யோக்யகார்த்தாவின் பந்துல் மாவட்டத்திலும் கிளாத்தெனின் கந்திவர்னோ, வெடி பகுதிகளிலும் செங்கல் சுவர்கள் உள்ளே இருந்தவர்கள் மேல் சரிந்தன. மொத்தம் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். மாமனாரின் பழைய லிமாசான் வீடு தேக்குத் தூண்களில் நின்றது. அது ஆடியது, ஓடுகளை உதறியது, அவ்வளவுதான். கம்பி இல்லாமல் புதிதாகக் கட்டிய அடுக்களை தரைமட்டம். வீடு பார்க்க வந்தால் சுவர் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், மூலைத் தூணில் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி?

கிளாத்தெனில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஊற்றுகள் நிறைய. பொங்கொக் என்ற கிராமம் தன் ஊற்றுக் குளத்தை ஊர் நிறுவனத்தின் மூலம் சுற்றுலாத் தலமாக்கிப் பணம் பார்க்கிறது. தெற்கே சுண்ணாம்பு மலைப் பக்கம் குனுங்கிடுலில் கோடையில் லாரித் தண்ணீர். கரண்டுக்கு மொபைல் போல முன்பணம் போட்டு 20 இலக்க எண்ணை மீட்டரில் அடிக்க வேண்டும். தீரும்போது ராத்திரியில் கீச்கீச் என்று கத்தும். காய்ச்சலுக்கு 'புஸ்கெஸ்மாஸ்' சுகாதார நிலையம் போதும். பெரிய வியாதிக்கு நகரம்தான்.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

இந்தோனேசிய மொழி ஆறு மாதத்தில் வந்துவிடும். ஜாவா மொழி வராது. பெரியவரிடம் ஒரு சொல், சின்னவரிடம் இன்னொரு சொல் என்று ஒரே வாக்கியத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்வதைவிட இந்தோனேசியத்திலேயே பேசிவிடுவது மரியாதை. ஒரே ஒரு ஆறுதல்: வயலில் நிற்பது 'பாடி', நெல் 'காபா', அரிசி 'பெராஸ்', சோறு 'நாசி'. இத்தனைக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மனிதர்களோடு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்கு ஒட்டாமல் போகுமா?

ஒரு முறை வந்து பார்க்கலாமா?

தாராளமாக. மே, ஜூன் நல்ல மாதங்கள், மழை குறைவு. லெபாரான், அதாவது ரம்ஜான் பண்டிகைக்கு முன்னும் பின்னும் வேண்டாம். ஜகார்த்தாவில் இருப்பவர்கள் எல்லாரும் ஊர் திரும்புவார்கள், ரயிலில் டிக்கெட் கிடைக்காது. பாஸ்போர்ட் நகல் இரண்டு எடுத்து வாருங்கள், எர்-தே தலைவருக்குக் கொடுக்க. தெருவில் போகும்போது வாசலில் இருப்பவர்கள் "மாம்பிர்" என்பார்கள். உள்ளே வந்துவிட்டுப் போங்கள் என்று பொருள். முதல் முறை சொன்னதற்கே செருப்பைக் கழற்றிவிடாதீர்கள், சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். மூன்றாம் முறையும் சொன்னால் நிஜமாகவே டீ போட்டிருக்கிறார்கள்.

சந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் 'பொன்' நாளில் வர வேண்டும். ஜாவாக்காரர்களின் சந்தை வாரத்துக்கு ஐந்தே நாள்: லெகி, பாஹிங், பொன், வாகே, க்ளிவோன். உங்கள் வீட்டுக் காலண்டரில் அது இருக்காது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள், மாமியார் அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்கிறேன்.